பம்ப் கேட்பதைத்தான் இன்ஜின் கொடுக்கும்: சிறிய ஜெட் படகுகளின் வேகக் கணக்கு

சிறிய ஜெட் படகு வாங்க நினைப்பவரும் சரி, பழைய படகில் புது இன்ஜின் ஏற்ற நினைப்பவரும் சரி, முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை ஹெச்.பி. போட்டால் எவ்வளவு வேகம் போகும்?" கேள்வியில் தப்பில்லை, பதில்தான் பலரை ஏமாற்றும். ஆட்கள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதில் 200 குதிரைத்திறன் இன்ஜின் இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 76 கி.மீ. எதிர்பார்க்கலாம். அதையே 300 ஆக்கினால் 94 கி.மீ. வரும். சக்தி ஒன்றரை மடங்கு ஆகியும் வேகம் கூடியது 18 கி.மீ. மட்டுமே. அதுவும் பெரிய இன்ஜின் சிறிய இன்ஜினின் எடையிலேயே கிடைத்தால்தான். அப்படிக் கிடைப்பதில்லை.

இந்த எண்கள் க்ரவுச் சூத்திரத்திலிருந்து வந்தவை. ஜார்ஜ் க்ரவுச் 1920களில் பந்தயப் படகுகளை வரைந்து பெயர் பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல், அதன் மேல் எழும்பிச் சறுக்கி ஓடும் படகுகளுக்கு அவர் பெயரில் ஒரு சுருக்கமான வழி இருக்கிறது. படகின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்துக் குதிரைத்திறனால் வகுக்க வேண்டும். வந்ததற்கு வர்க்கமூலம் காண வேண்டும். 150ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்று விடை வரும். 150 என்பது சாதாரண உல்லாசப் படகுக்கு. மெலிந்த, வேகத்துக்கென்றே செய்த படகுகளுக்கு 190 வரை போடுவார்கள். இது துல்லியமான அறிவியல் இல்லை, அனுபவத்தில் தேறிய மதிப்பீடு. ஆனால் விளம்பரத்தில் போடும் வேகத்தை நம்பலாமா என்று பார்க்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது வர்க்கமூலம். வேகம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் சக்தி நான்கு மடங்கு வேண்டும். எடையைப் பாதியாக்கினால், சக்தியை இரட்டிப்பாக்கிய அதே பலன் கிடைத்துவிடும். 2014 மாடலாக வந்த சீ-டூ ஸ்பார்க் என்ற வாட்டர் ஸ்கூட்டர் இதற்கு நல்ல சாட்சி. 899 சி.சி. இன்ஜின், உயர்ந்த வகையிலும் வெறும் 90 குதிரைத்திறன். ஆனால் வண்டியின் எடை 200 கிலோவைத் தொடாது, அதனால் ஒருவர் ஏறினால் மணிக்கு 80 கி.மீ. அருகில் போகிறது. அதே காலத்து 19 அடி யமஹா படகு ஒன்றில் அதைப்போல் இரு மடங்கு கொள்ளளவு கொண்ட 1.8 லிட்டர் இன்ஜின் இருக்கும். அது 65 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் நின்றுவிடும். படகு மோசமில்லை, அது சுமப்பது அதிகம். அவ்வளவுதான்.

சரி, எடையையும் சக்தியையும் வைத்தே எல்லாம் முடிந்துவிடுமென்றால் ஜெட் படகைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. எழுத வைப்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் பம்ப்.

தண்ணீரைக் குடித்துத் தண்ணீரை உமிழ்வது

ஜெட் படகு என்றதும் விமான ஜெட் இன்ஜினை நினைப்பவர்கள் உண்டு. அப்படியும் படகுகள் இருந்திருக்கின்றன. ஆஸ்திரேலியரான கென் வார்பி 1978இல் ப்ளோவரிங் அணையில் மணிக்கு 511 கி.மீ. வேகத்தில் ஓட்டிய படகில் இருந்தது போர் விமானங்களுக்கான வெஸ்டிங்ஹவுஸ் ஜே34 டர்போஜெட். நாம் பேசுவது அதுவல்ல. நம் படகில் ஓடுவது சாதாரண பிஸ்டன் இன்ஜின்தான். அது படகின் அடியிலுள்ள திறப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் அந்தத் தண்ணீரைப் பின்பக்கம் ஒரு குறுகிய நாசில் வழியாகப் பீய்ச்சுகிறது. நாசில் திரும்பினால் படகு திரும்பும். நாசிலுக்கு மேல் ஒரு வாளி போன்ற மூடி இறங்கினால் பீய்ச்சல் முன்பக்கம் திரும்பி, படகு பின்னால் போகும். பின்னோக்கிப் போவதற்கு கியர்பாக்ஸே தேவையில்லை.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். தென் தீவில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணையின் பட்டறையில் 1950களின் தொடக்கத்தில் வேலையைத் தொடங்கினார். அங்குள்ள ஆறுகள் அகலமானவை, பல கிளையாகப் பிரிந்து கூழாங்கற்கள் மேல் கணுக்கால் ஆழத்தில் ஓடுபவை. சாதாரண புரொப்பல்லர் அங்கே நாலு நிமிடம் தாங்காது. அவர் முதலில் எடுத்தது அமெரிக்காவின் ஹான்லி ஹைட்ரோ-ஜெட் என்ற அமைப்பு. அது படகின் அடியில் தண்ணீருக்குள்ளேயே பீய்ச்சியது. ஹாமில்டன் செய்த மாற்றம் சொல்லும்போது சின்னதாகத் தெரியும். நாசிலைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் பின்பலகை வழியாக வெளியே எடுத்தார். அடியில் தொங்கிக்கொண்டு தண்ணீரை இழுத்த எல்லாம் போனது, படகு வேகமெடுத்தது. ஜெட் தண்ணீர் பின்னாலிருக்கும் தண்ணீரைத் தள்ளித்தான் படகு நகர்கிறது என்ற எண்ணம் பலருக்கு இன்றும் உண்டு. காற்றில் பீய்ச்சினாலும் உந்தல் அப்படியே இருக்கும். தண்ணீரை வேகமாக வெளியே எறிவதால் வரும் எதிர்விசைதான் படகைத் தள்ளுகிறது.

1960இல் ஹாமில்டன் ஜெட் படகுகள் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனை எதிர்நீச்சலில் ஏறிக் கடந்தன. 1977இல் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளுடன் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கிப் புறப்பட்டார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி தடுத்த பிறகுதான் படகுகள் நின்றன. இந்த இரண்டு பயணங்களும் உச்ச வேகத்தால் பேர் வாங்கியவை அல்ல. ஆழமற்ற, சீறிவரும் தண்ணீரில் எடையோடு மேலே ஏறியதுதான் சாதனை. ஜெட் படகுக்கு இன்ஜின் தேடும்போது இந்த வேறுபாடு முக்கியம். உச்ச வேகத்துக்கு ஏற்ற அமைப்பும் சுமையோடு எழும்ப ஏற்ற அமைப்பும் ஒன்றல்ல.

ஏன் ஒன்றல்ல என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். பம்ப் நொடிக்கு 100 கிலோ தண்ணீரை நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பீய்ச்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். படகு நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது. தண்ணீர் பெறும் கூடுதல் வேகம் 10 மீட்டர், உந்தல் 1,000 நியூட்டன். தண்ணீருக்கு ஊட்டிய ஆற்றலில் 80 சதவீதம் படகை நகர்த்தப் பயன்படுகிறது. இது உராய்வு, சுழல் எதையும் சேர்க்காத கணக்கு. இப்போது அதே படகு நொடிக்கு 5 மீட்டரில் ஊர்கிறது. உந்தல் 2,500 நியூட்டனாக உயர்கிறது. ஆனால் பயன்படும் ஆற்றல் ஏறத்தாழ 29 சதவீதம்தான், மிச்சமெல்லாம் பின்னால் பீறிட்டுக் கொட்டுகிறது. மெதுவாகப் போகும்போது ஜெட் படகு பெட்ரோலைக் குடிப்பது இதனால்தான். மணிக்கு 45 கி.மீ.யைத் தாண்டிய பிறகுதான் ஜெட் புரொப்பல்லரோடு போட்டி போடத் தொடங்கும். அதற்கு மேல் போகப் போக, தண்ணீருக்குள் ஒன்றும் தொங்காதது அதற்குச் சாதகமாகிறது.

நாசிலின் வாயைச் சிறிதாக்கினால் தண்ணீர் குறைந்து வேகம் கூடும், தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்துவதுபோல. உச்ச வேகம் கிடைக்கும், கிளம்பும்போது திணறும். வாயைப் பெரிதாக்கினால் நேர்மாறு. இரண்டு பேரோடு அமைதியான ஏரியில் ஓடும் படகும், ஆறு பேரோடு ஆற்றில் ஏறும் படகும் ஒரே நாசிலோடு சந்தோஷமாக இருக்க முடியாது.

கன விதி

இனி வருவது விற்பனைத் தாளில் அநேகமாக இருக்காது. பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர், இன்ஜினிடம் வாங்கும் சக்தி அதன் சுழற்சியின் கனத்தை, அதாவது மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. சுழற்சி இரட்டிப்பானால் சக்தித் தேவை எட்டு மடங்கு. 8,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 8,000 சுற்று) 300 குதிரைத்திறன் கேட்கும் பம்ப், 4,000இல் கேட்பது 37 அல்லது 38 மட்டுமே. அதோடு, படகு எவ்வளவு வேகத்தில் போகிறது, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பம்ப் அதிகம் கவலைப்படாது. புரொப்பல்லர் படகில் நாலு பேர் கூட ஏறினால் இன்ஜின் சுழற்சி இறங்குவது தெரியும். ஜெட் படகைக் கரையில் கட்டிப்போட்டு முழு த்ராட்டில் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே உச்சச் சுழற்சிதான் காட்டும். (நிஜமாகவே கட்டிப்போட்டுச் சோதிக்கப் போகிறவர்கள், அடியில் மணலோ கல்லோ இல்லாத ஆழமான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சுவாய்க்குத் தண்ணீருக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது.)

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையைப் பற்றி ஜெட் படகில் பெருமைப்பட்டுப் பலனில்லை. "2,000 ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும்" என்ற வாக்கியம் லாரிக்குப் பொருந்தும். பம்ப் 2,000இல் ஒன்றும் கேட்கவே இல்லை, இன்ஜின் கொடுக்கத் தயாராக இருந்து என்ன செய்வது? இரண்டாவது, இன்ஜினின் சக்திக் கோடும் பம்பின் தேவைக் கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் படகின் உச்சம். அதற்கு மேல் இன்ஜினில் எவ்வளவு இருந்தாலும் எட்டாது.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டு சிலிண்டர் கொண்ட ஒரு வி8 இன்ஜின் 4,400 ஆர்.பி.எம்.மில் 250 குதிரைத்திறனும் 5,400இல் 320ம் தருகிறது. அதோடு இணைத்த இம்பெல்லர் 4,400இலேயே 250ஐ வாங்கிக்கொள்கிறது. அந்த இம்பெல்லரை 5,400க்குக் கொண்டுபோக 460க்கு மேல் வேண்டும். இன்ஜினிடம் இருப்பதோ 320. ஆகவே 4,400இலேயே சுழற்சி நின்றுவிடும், தாளில் போட்ட 320 தாளிலேயே தங்கிவிடும். இதற்கு மருந்து இன்னும் பெரிய இன்ஜின் இல்லை. 5,400இல் 320ஐ வாங்கும், சுழற்ற இலகுவான இம்பெல்லர்தான். எதிர்ப்பக்கமும் இதே கதை. இம்பெல்லர் மிக இலகுவானால் இன்ஜின் சுழற்சி வரம்பில் போய் முட்டி நிற்கும், சக்தி மிச்சமிருக்கும், படகு மட்டும் போகாது.

சின்ன ஜெட் அமைப்புகளில் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டும் இம்பெல்லரும் பெரும்பாலும் நேராகவே இணைந்திருக்கும், இடையில் கியர் மாற்ற எதுவும் இருக்காது. காரில் தவறான இன்ஜினை கியர் ஓரளவு காப்பாற்றும். இங்கே அந்தத் தயவு கிடையாது. அதனால்தான் 7,000, 8,000 ஆர்.பி.எம். சுழலும் வாட்டர் ஸ்கூட்டர் இன்ஜின்களோடு 155 முதல் 161 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னப் பம்பும், நிதானமாகச் சுழலும் வி8களோடு அதைவிடப் பெரிய பம்பும் வருகின்றன. ஓரிடத்து இன்ஜினையும் வேறிடத்துப் பம்பையும் கலந்து கட்டுபவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்ஜின்கள்

இன்று பத்து முதல் பதினாறு அடிக்குள் ஒரு ஜெட் படகு கட்டுபவரின் முதல் பார்வை வாட்டர் ஸ்கூட்டர் இன்ஜின்கள் மேல்தான் விழும். காரணம் எளிது. இன்ஜின், பம்ப், நாசில், மின்னமைப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வருகின்றன. கன விதியைப் பற்றிக் கவலைப்பட்டுத் தொழிற்சாலையில் யாரோ ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டார்கள். யமஹாவின் டிஆர்-1 மூன்று சிலிண்டர், 1,049 சி.சி. அதன் 1.8 லிட்டர் குடும்பத்தில் சாதாரண வகையும் உண்டு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்ததும் உண்டு. கவாசாகியின் 1,498 சி.சி. சூப்பர்சார்ஜ் இன்ஜின் 2014இல் 310 குதிரைத்திறனை எட்டியது. ரோட்டாக்ஸ் 1,630 சி.சி. இன்ஜின் 2016 மாடல் சீ-டூக்களில் 300ஐத் தொட்டு, 2024இல் 325 ஆனது. ஒன்றரை லிட்டரில் முந்நூறு குதிரை என்பது காரில் ஏறினால் பந்தய இன்ஜின் என்பார்கள். தண்ணீரில் அது உல்லாசம்.

இத்தனை சக்தி வந்தும் அந்த வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து மணிக்கு 105, 108 கி.மீ. அளவிலேயே வருகின்றன. பம்பின் இயலாமை அல்ல இது. தயாரிப்பாளர்களும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையும் ஏறத்தாழ 65 மைல் என்று எழுதாத குறையாக ஒத்துக்கொண்ட வரம்பு அப்படி. கூடுதல் சக்தி உச்ச வேகத்துக்குப் போகாமல், அந்த வேகத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டுவது என்பதற்குப் போகிறது. ஆகவே 230ஐயும் 300ஐயும் ஒப்பிடும்போது உச்ச வேகத்தை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது.

சூப்பர்சார்ஜர் வேண்டுமா, வேண்டாமா? என்னைக் கேட்டால், சின்னக் குடும்பப் படகுக்கு வேண்டாம் என்பேன். முழு த்ராட்டிலில் 300 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்குச் சுமார் 100 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் கேட்கும். சில பழைய மாடல்களில் நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சூப்பர்சார்ஜரைப் பிரித்துப் பாகங்களை மாற்ற வேண்டியிருந்தது. அதை மறந்தவர்களுக்கு மொத்த இன்ஜினும் செலவு வைத்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின் 50, 60 கி.மீ. வேகத்தில் வருடக்கணக்கில் முணுமுணுக்காமல் ஓடும். ஆனால் மலை ஏரிகளில் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தீர்ப்பு மாறும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சாதாரண இன்ஜின் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கிறது, 1,500 மீட்டரில் 15 சதவீதம். காற்றை அழுத்திக் கொடுக்கும் சூப்பர்சார்ஜர் அங்கே நிலைமையைச் சமாளிக்கும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களின் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, ஆனாலும் அவற்றை ஒரே வரியில் ஒதுக்க மனம் வரவில்லை. அதே சக்திக்கு அவை அவ்வளவு இலகுவானவை. மெர்க்குரியின் ஸ்போர்ட் ஜெட் என்ற அமைப்பு, படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் இன்ஜினைப் படகுக்குள் பம்பின் மேல் நிறுத்தியது. அதன் வி6 ஆப்டிமேக்ஸ் வகை 200 குதிரைத்திறன். ஆழமற்ற ஆற்றுப் படகுகளை அலுமினியத்தில் கட்டுபவர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வகைகளோ தாம் குடித்த பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கு வரை எரிக்காமலேயே தண்ணீரில் விட்டன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 1996இல் விதி கொண்டுவந்த பிறகு சந்தை படிப்படியாக ஃபோர்-ஸ்ட்ரோக் பக்கம் போனது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டூ-ஸ்ட்ரோக் எடுப்பவர்கள் தங்கள் ஏரியில் அதை ஓட்ட அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் வி8. இதற்கு ஒரு தனிக் கலாசாரமே உண்டு. 1960, 70களில் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பம்பையும் கார் உலகின் மாபெரும் வி8களையும் சேர்த்து, தட்டையான 18 அடிப் படகுகளை ஓட்டினார்கள். செவர்லே 454, ஓல்ட்ஸ்மொபில் 455, ஃபோர்டு 460: எல்லாம் ஏழரை லிட்டர் அளவுக்காரர்கள். காதைப் பிளக்கும் சத்தம், பின்னால் கோழி வால் போல் எழும்பும் தண்ணீர். எரிபொருள் கணக்கை யாரும் கேட்கவில்லை. வார்ப்பிரும்பில் செய்த அந்த இன்ஜின்கள் தனியாகவே 300 கிலோ அளவில் இருக்கும். இன்று அந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தில் செய்த 6.2 லிட்டர் வகை 200 கிலோ அளவில் இருந்துகொண்டு 400 குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கிறது. க்ரவுச் சூத்திரத்தில் இரண்டு பக்கமும் லாபம்.

ஆனால் கார் இன்ஜினைத் தூக்கிப் படகில் வைத்துவிட முடியாது. காரில் இன்ஜின் அறையின் அடிப்பக்கம் திறந்திருக்கும். படகில் அது மூடிய தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தேங்கும். காரின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் உள்ளே தீப்பொறி விடும். படகுக்கென்று செய்தவை அந்தப் பொறி வெளியே தப்பாதபடி மூடியவை. இன்ஜின் கிளப்புவதற்கு முன் நாலு நிமிடம் ஊதுவிசிறியை ஓடவிடச் சொல்வதும் இதற்காகத்தான். அதோடு தண்ணீரால் குளிரும் புகைக்குழாய் வேண்டும், காற்று உள்வாயில் தீத்தடுப்பி வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவைக் கூட்டினால் பழைய இன்ஜின் மலிவாகக் கிடைத்த சந்தோஷம் பாதி போய்விடும். இதில் சிக்கனம் பிடிப்பவரோடு நான் படகில் ஏறமாட்டேன்.

டீசலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீட்புப் படகு, காவல் படகு போன்று நாள் முழுக்க ஓட வேண்டியவற்றுக்கு அது சரி. பதினைந்து அடிப் படகில் அதன் எடையே உச்ச வேகத்தைத் தின்றுவிடும்.

அவுட்போர்டு மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டு ஜெட் பம்பைப் பொருத்தும் வழியும் உண்டு. இதில் முப்பது சதவீதக் கணக்கை மறக்கக் கூடாது. 115 குதிரைத்திறன் மோட்டாரை ஜெட்டாக விற்கும்போது அதன் மேல் 80 என்றே எழுதுகிறார்கள், 150ஐ 105 என்கிறார்கள். இன்ஜின் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பம்ப் வழியாகக் கிடைக்கும் உந்தல் அத்தனை சிறிய புரொப்பல்லர் மோட்டாருக்குச் சமம் என்று அர்த்தம். நேர்மையான பெயரிடல் என்று பாராட்டத் தோன்றுகிறது. மற்ற ஜெட் படகுகளில் இந்த நேர்மை கிடையாது, கிராங்க் ஷாஃப்டில் வரும் எண்ணையே பெரிதாக ஒட்டிவிடுகிறார்கள்.

மின்சாரத்தின் நிலைமையை ஒரு வகுத்தலில் சொல்லிவிடலாம். 120 கிலோவாட் மோட்டார், அதாவது 160 குதிரைத்திறன். அதற்கு 24 கிலோவாட்-மணி மின்கலம். முழு த்ராட்டிலில் 12 நிமிடம். பூஜ்யத்திலிருந்து முழு முறுக்குவிசை என்ற மின்மோட்டாரின் பெரிய பெருமையும், மேலே சொன்ன கன விதியால், ஜெட் பம்பில் பாதி வீணாகிறது. சத்தமில்லாமல் போவதும், குளிர்காலத்துக்கு இன்ஜினைப் பதப்படுத்தி வைக்கும் வேலை குறைவதும் மட்டும் உண்மையான லாபம்.

இன்ஜினுக்கு வெளியே தொலையும் வேகம்

இன்ஜினும் பம்பும் சரியாகப் பொருந்தியும் படகு மெதுவாகப் போனால், அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பம்புக்கு வேண்டியது காற்று கலக்காத தண்ணீர். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மேடுகள் படகைத் தூக்கிவிட உதவும். ஆனால் அவை உறிஞ்சுவாய் வரை நீண்டால், தம் பக்கத்தில் ஓடும் காற்றுக் குமிழிகளை நேராகப் பம்புக்குள் கொண்டுபோய்க் கொட்டும். இம்பெல்லர் காற்றைக் கடைந்து திடீரென்று வீறிடும், உந்தல் விழும். அதனால் நல்ல படகுகளில் நடுவிலுள்ள மேடுகள் உறிஞ்சுவாய்க்கு முன்பே முடிந்துவிடும். அடிப்பகுதியின் வி வடிவம் ஆழமானால் அலையில் உடம்பு நோகாது, ஆனால் வேகம் குறையும். தட்டையானால் நேர்மாறு.

காற்றுக் குமிழியும் கேவிட்டேஷனும் ஒன்றல்ல. பெரிய இன்ஜின் திடீரென்று முழுச் சக்தியையும் கொடுக்கும்போது, படகு இன்னும் நகரவே தொடங்காத நிலையில், பம்பின் முன்பக்கம் அழுத்தம் அவ்வளவு இறங்கும். தண்ணீர் சூடாகாமலேயே ஆவியாகும், இதுதான் கேவிட்டேஷன். அந்த ஆவிக் குமிழிகள் இம்பெல்லரின் மேலேயே உடைந்து உலோகத்தைக் கொத்தும். சின்னப் பம்பில் மிகப் பெரிய இன்ஜினை இணைத்தவர்கள் கிளம்பும்போது காணும் வெற்றுச் சுழற்சி இதுதான். இதற்கு இரண்டு சின்ன இன்ஜின், இரண்டு பம்ப் என்பது ஒரு நல்ல தீர்வு. மொத்தச் சக்தி ஒன்றேயானாலும் தண்ணீர் பிடிக்கும் பரப்பு இரட்டிப்பாகிறது. உச்ச வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது. எடையும் பராமரிப்பும் கூடும்.

வேகத்தை எதில் அளக்கிறோம் என்பதும் கேள்வி. படகோடு வரும் பழைய சக்கரமுள்ள வேகமானிகள் உரிமையாளரைச் சந்தோஷப்படுத்துவதற்கென்றே செய்தவைபோல் கூட்டிக் காட்டும். ஜிபிஎஸ்ஸில், ஆற்றில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் எண் எண்ணாக இருக்கும். மைல், கிலோமீட்டர், நாட் மூன்றும் கலந்து பேசப்படுவதால் வரும் குழப்பம் தனி. 50 நாட் என்றால் 92.6 கி.மீ., 50 மைல் என்றால் 80.5 கி.மீ.

ஜெட் படகின் டேக்கோமீட்டரை, அதாவது சுழற்சிமானியை, ஒரு மருத்துவர்போல் பயன்படுத்தலாம். படகு முன்பு போன வேகம் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். உச்சச் சுழற்சி முன்பைவிடக் குறைந்திருந்தால் கோளாறு இன்ஜின் பக்கம். அளவு கொஞ்சமாகத் தெரிந்தாலும் ஏமாறக் கூடாது. கன விதிப்படி சுழற்சியில் 5 சதவீதம் குறைந்தால் சக்தியில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிருக்கிறது என்று பொருள். சுழற்சி பழையபடியே இருந்து, அல்லது கூடியிருந்து, வேகம் மட்டும் குறைந்தால் இன்ஜினைத் தொட வேண்டாம். பம்பைத் திறந்து பாருங்கள். இம்பெல்லரின் ஓரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். ஒருமுறை மணலை உறிஞ்சினால் போதும், அது விரிந்துவிடும். தண்ணீர் பின்னால் போகாமல் அந்த ஓரத்தில் திரும்பி வழியும். புது இன்ஜின் வாங்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் தேவைப்பட்டது ஒரு புது வளையமாகவே இருக்கலாம். அதற்கும் முன்னால் உறிஞ்சுவாயின் கம்பிகளில் ஒரு துண்டுக் கயிறோ நீர்ப்பாசியோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இன்னும் மலிவு.